ஆறாம் பக்கத்து முன்னோட்டம்

சீட்டைத் துடைச்சிட்டீங்களா அக்கா? இல்ல இல்ல, தப்பா எடுத்துக்கல. யாரோ எலுமிச்சை சாதம் சிந்திட்டுப் போயிருக்காங்க, துடைக்காம எப்படி உட்கார்றது. அந்தப் பேப்பரை மட்டும் ஒரு தடவை இப்படிக் காட்டுங்க. ஆமா, அதேதான். ஆறாம் பக்கம். கீழ மூலையில மஞ்சள் கறை பட்டிருக்கே, அது நான் எழுதினது.

ஐயோ, மன்னிப்பெல்லாம் எதுக்கு. அதுக்கு அதுதான் சரியான உபயோகம். 'நாளை அனல் பறக்கும் கோ-கோ பலப்பரீட்சை.' படிச்சீங்களா? பன்னிரண்டு வயசுப் பிள்ளைங்க, பாதிப் பேர் காலில செருப்புகூட இல்ல, கார்ப்பரேஷன் பள்ளிக்கூட மைதானம். அங்க எங்கக்கா அனல் பறக்கும்? புழுதிதான் பறந்தது. நான் புழுதின்னுதான் எழுதி அனுப்பினேன். இளங்கீரன் சார் அனல்னு மாத்திட்டார். அவர் எங்க உதவி ஆசிரியர். கோ-கோவா இருந்தாலும் கேரமா இருந்தாலும் அவருக்கு அனல் பறக்கணும். ஒரு தடவை நீச்சலுக்குப் போட்டார். நீச்சலுக்கு!

ஜன்னலைக் கொஞ்சம் திறந்துக்கறேன். முன் சீட்டுக்காரர் தலையில என்ன எண்ணெயோ, குமட்டுது.

நான் பொதுவா யார்கிட்டயும் பேசறவ இல்லக்கா. தெரிஞ்சவங்க முன்னாடி நாலு வார்த்தை சேர்ந்தாப்ல வராது எனக்கு. காலேஜ்ல வைவா அன்னிக்கு அழுதே பாஸ் பண்ணினவ. தெரியாதவங்கன்னா வந்துடும். இறங்கினா முடிஞ்சுபோச்சு, அப்புறம் முகத்துல முழிக்க வேண்டியதில்ல பாருங்க. உங்களுக்கும் புதுக்கோட்டைதானே? பொண்ணைப் பார்க்கவா? ஹாஸ்டல்லயா. நல்லது. நானும் புதுக்கோட்டைதான். மூணு நாள். நாளைக்கு, சனி, ஞாயிறு.

ஆட்டம் இருக்குக்கா. சாஃப்ட்பால். பேஸ்பால் தெரியுமா, அதுக்குத் தங்கச்சி மாதிரி. கிரிக்கெட் மாதிரி ஓடி வந்து போடறதில்ல. நின்ன இடத்துல நின்னு, கையைக் காத்தாடி மாதிரி ஒரு முழுச் சுத்து சுத்தி, இடுப்புக்குக் கீழயிருந்து வீசணும். எதிர்ல நிக்கிறவ மட்டையால அடிச்சிட்டு ஓடணும். தலையாட்டறீங்க. எல்லாருமே இப்படித்தான், புரியாமலே தலையாட்டுவாங்க. பரவாயில்ல.

பிரிவுல ஆறு காலேஜ். எங்க திருச்சி காலேஜும் புதுக்கோட்டை காலேஜும்தான் வருஷா வருஷம் மேல வரும். ரெண்டு பேரும் மூணு நாள் மோதணும், ரெண்டு ஜெயிச்சவங்க மாநிலப் போட்டிக்குப் போகலாம். எங்க பிள்ளைங்களுக்குப் பச்சை, அவங்களுக்கு மெரூன். ஒரே பஸ்ல ஏறமாட்டாங்க. போன வருஷம் பொது நிகழ்ச்சி ஒண்ணுல சாப்பாட்டுப் பந்தியில எதிர் எதிரா உட்கார வெச்சுட்டாங்க. அப்பளத்தைக்கூட முறைச்சுக்கிட்டே நொறுக்கினாங்க.

நான் ஆடலக்கா. என்னைப் பார்த்தா ஆடறவ மாதிரியா இருக்கு? ஸ்கோர் எழுதினேன். எம்.எஸ்ஸி. விலங்கியல். ஒரு தவளை எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை தொண்டையை உப்ப வைக்கும்னு ரெண்டு மாசம் குளத்தங்கரையில உட்கார்ந்து எழுதினவ. அதைப் பார்த்துட்டு எங்க பி.டி. மிஸ், "இவ வாயே திறக்கமாட்டா, இவளை ஸ்கோருக்குப் போடு"ன்னுட்டாங்க. அந்த மிஸ்ஸைப் பத்தியே ஒரு நாள் பேசலாம். பரிசளிப்பு அன்னிக்கு மட்டும் புதுப் புடவையில வந்து கோப்பைக்குப் பக்கத்துல நிப்பாங்க. மத்த நாள்ல நிழல்ல நாற்காலி. பிள்ளைங்க தண்ணி கேட்டா, "ஓடற வேகத்துல தாகம் போயிடும்." இப்படி ஒரு வாக்கியத்தை யாருக்காவது சொல்ல வாய் வருமா?

சரி. விஷயத்துக்கு வர்றேன்.

ஜெசிந்தான்னு ஒருத்தி. எங்க டீமுக்குப் பந்து வீசறவ. மணப்பாறைக்காரி. ஹாஸ்டல்ல என் ரூம்தான், மூணு வருஷம். நான் பேசமாட்டேன், அவ நிறுத்தமாட்டா, சரியாப் போச்சு. காலையில அஞ்சரைக்கு எழுப்புவா. "எந்திரிடி தவளை டாக்டர், என் பந்தைப் பிடிக்க ஆள் வேணும்"பா. நான் போய் நிப்பேன். பிடிக்கமாட்டேன், முகத்தைத் திருப்பிப்பேன். பந்து சுவத்துல அடிச்சுத் திரும்பி வரும். "சுவருக்கு முன்னாடி நீ எதுக்குடி?"ன்னு சிரிப்பா. ஆனாலும் மறுநாளும் எழுப்புவா.

அவளுக்கு அந்த மாநிலப் போட்டி வேணும்க்கா. விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலை கொடுக்கறவங்க அங்கதான் வந்து உட்கார்ந்து பார்ப்பாங்க. பிரிவு ஆட்டத்தை எவன் வந்து பார்க்கறான். போன வருஷம் விட்டா இந்த வருஷம். இந்த வருஷம்தான் எம்.காம். கடைசி. இதையும் விட்டா மணப்பாறையில அவ அப்பா முறுக்குக் கடை. நான் பார்த்திருக்கேன், லீவுக்குப் போனா அவளை பாக்கெட் ஒட்ட உட்கார வெச்சிடுவாங்க. அந்தக் கையை! அந்தக் கை வீசற மெதுவான பந்து மாதிரி நீங்க பார்த்திருக்கமாட்டீங்க. கை சுத்தற வேகம் அதே வேகம். ஆனா பந்து மட்டும் சாவகாசமா வரும். அடிக்க நிக்கிறவ அவசரப்பட்டு மட்டையை வீசி முடிச்சிருப்பா, அப்புறம்தான் பந்து வந்து சேரும். பார்க்கவே பரிதாபமா இருக்கும். நான் ஸ்கோர் புத்தகத்துக்குள்ள தலையை வெச்சு சிரிப்பேன்.

போன வருஷம், தொடர் ஆரம்பிக்கறதுக்கு முதல் நாள், இந்தப் பத்திரிகைக்கு ஒரு முன்னோட்டம் வேணும்னு கேட்டாங்க. பி.டி. மிஸ் என்னை எழுதச் சொன்னாங்க. என் முதல் எழுத்து. ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாம எழுதினேன். ரெண்டு டீம் பலம், பலவீனம், மைதானத்துல ஓடித் தொடவேண்டிய மூணாவது தளத்துக்கிட்ட இருக்கற பள்ளம், எல்லாம். இளங்கீரன் சார் எல்லாத்தையும் வெட்டிட்டார். தலைப்புல அனல். நடுவுல மிஸ்ஸோட படம். என்னோடதுன்னு மிஞ்சினது ஒரே ஒரு வரி.

சொல்லவா? மனப்பாடமா இருக்கு. 'மெதுவான பந்தை வீசும் முன் மட்டும் ஜெசிந்தாவின் நாக்கு நுனி வலது உதட்டோரம் எட்டிப் பார்க்கும், ஊசியில் நூல் கோக்கும் பெண்ணுக்கு வருவதைப் போல.'

நல்ல வரி இல்லையா? நீங்களே சொல்லுங்க. தையல் தெரிஞ்சவங்க நீங்க. மேல தட்டில வெச்சிருக்கீங்களே, நீளமா மெரூன் துணியில ஒரு உறை, அது நீங்களே தைச்சதுதானே? வாய்ப் பக்கம் இரட்டைத் தையல், அடியில மட்டும் கெட்டித் துணி வெச்சிருக்கீங்க. ஏறினதுமே பார்த்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை பார்க்கறதுதான்க்கா. அதுல மட்டும் நான் தப்பினதில்ல.

மூணு வருஷம் ஒரே ரூம்ல இருந்து பார்த்தது அந்த நாக்கு. வேற யாரும் பார்க்கல. மிஸ் பார்க்கல. ஜெசிந்தாவுக்கே தெரியாது. அதை உலகத்துக்குச் சொல்றதுல ஒரு சந்தோஷம் இருக்கு பாருங்க. அது எழுதறவங்களுக்குத்தான் புரியும்.

முதல் நாள் நாங்க ஜெயிச்சோம். நாலுக்கு ஒண்ணு. சாயங்காலம்தான் பேப்பர் எல்லார் கைக்கும் வந்துச்சு. ஜெசிந்தா எடுத்து நெத்தியில ஒத்திக்கிட்டா. "என் நாக்கெல்லாம் பேப்பர்ல வந்திருக்குடி"ன்னு ஹாஸ்டல் பூரா காட்டினா. அவளும் யோசிக்கல. சொல்றேன் பாருங்க, அவளும்தான் யோசிக்கல.

ரெண்டாம் நாள் மெரூன்காரிங்க வந்தாங்க. முதல் மெதுவான பந்து, அடி. சுத்துச்சுவர் தாண்டிப் போச்சு. ரெண்டாவது, அடி. அவசரமே படல ஒருத்தியும். கால் மேல கால் போட்டுக் காத்திருக்கற மாதிரி நின்னு அடிச்சாங்க. மூணாவது பந்துல எனக்குப் புரிஞ்சுபோச்சு. அடிக்க நிக்கிறவ எப்பவும் வீசறவ கையைத்தானே பார்ப்பா? இவங்க கண்ணு கொஞ்சம் மேல இருந்தது. வாயைப் பார்த்தாங்க.

என்னது? அவகிட்ட சொன்னேனான்னா?

இல்லக்கா. ஸ்கோர் எழுதறவ ஆட்டம் நடக்கும்போது ஆடறவங்ககிட்டப் பேசக்கூடாது. அது விதி. ஸ்கோர் மேசையில பக்கத்துலயே அவங்க காலேஜ் பொண்ணும் உட்கார்ந்திருக்கா. எந்திரிச்சுப் போய், எல்லார் முன்னாடியும் மைதானத்துக்கு நடுவுல, "நாக்கை உள்ள வை"ன்னு கத்தணுமா? நானா? இடைவேளை வந்துச்சு, ஆமா. ரெண்டு தடவை வந்துச்சு. அவ தண்ணி குடிக்க என் மேசைப் பக்கம்தான் வந்தா. "ஏன்டி, எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரி அடிக்கிறாளுங்க?"ன்னு கேட்டா. முகமெல்லாம் வேர்வை. நான் பென்சில் சீவிக்கிட்டிருந்தேன். ஸ்கோர் புத்தகம் சுத்தமா இருக்கணும்க்கா, அதுல அடித்தல் திருத்தல் கூடாது.

ஒன்பதுக்கு ரெண்டு. மூணாம் நாள் பதினொண்ணுக்கு ஒண்ணு. எல்லாம் என் கையெழுத்துல இருக்கு. கோடு கோணாம.

நீங்க அப்படிப் பார்க்காதீங்க. படிச்சுட்டு வந்து அடிச்சவங்களை விட்டுட்டு எழுதினவளைப் பார்க்கறது எந்த நியாயம்? கேளுங்க, இதுக்கு மேலதான் கூத்து. ஆட்டம் முடிஞ்சதும் அவங்க கேப்டன் ஓடி வர்றா. ரெட்டைச் சடை, கன்னத்துல பரு, கையில அந்தப் பேப்பர் துண்டு. லேமினேட் பண்ணியிருக்காக்கா! ஓட்டர் ஐடி மாதிரி! "அக்கா, நீங்கதானே எழுதினது? சூப்பர்க்கா! டீமே படிச்சோம், ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா!"ன்னு நீட்டறா. பின்னாடி ஜெசிந்தா நிக்கிறா.

சீ. இப்ப நினைச்சாலும் உடம்பு கூசுது. அந்த பிளாஸ்டிக் வழவழப்பு இன்னும் விரல்ல இருக்கு.

போட்டேன். போடாம? ஒரு பொண்ணு கையெழுத்துக் கேட்டா முடியாதுன்னா சொல்றது? எனக்குச் சட்டுன்னு மறுக்க வராதுக்கா. சுபாவம்.

ஜெசிந்தா அன்னிக்குப் பஸ்ல வேற சீட்டுல போய் உட்கார்ந்தா. ரூமுக்கு வந்து பெட்டியைக் கட்டினா. பக்கத்து ரூமுக்கு மாத்திக்கிட்டா. கதவுக்கிட்ட நின்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. "உனக்கு நான் தவளையாடி?"

அவ்வளவுதான். அவ்வளவு பேசறவ, அவ்வளவுதான் பேசினா. ஒரு வருஷம் ஆச்சு. மூணு வருஷப் பழக்கம் ஒரு வரியில போயிடுமா? நான் பொய்யா எழுதினேன்? அவதூறா எழுதினேன்? அழகா இருந்தது, எழுதினேன். மனுஷங்க எவ்வளவு சின்னப் புத்தி பாருங்க.

மாத்தூர் தாண்டிட்டோமா. கண்டக்டர் அந்தப் பாட்டை நிறுத்தினா தேவலை.

இந்த வருஷமும் அதே ரெண்டு டீம். நாளைக்கு முதல் ஆட்டம், அவங்க மைதானத்துல. நான் படிப்பு முடிச்சுட்டேன், இப்ப ஸ்கோர் இல்ல, இந்தப் பத்திரிகை வேலைதான். அஞ்சு மணிக்குள்ள முன்னோட்டம் அனுப்பணும். இளங்கீரன் சார் காலையில கூப்பிட்டு, "அந்த நாக்கு மேட்டர் மாதிரி ஏதாவது இருக்காம்மா? போன வருஷம் நல்லாப் பேசப்பட்டுச்சே"ங்கறார். நாக்கு மேட்டராம். இவங்ககூடவெல்லாம் வேலை பார்க்கணும்னு எழுதியிருக்கு.

இருக்குக்கா. அதான் விஷயம். இருக்கு.

செவ்வாய்க்கிழமை காலேஜுக்குச் சான்றிதழ் வாங்கப் போனேன். அவங்க பயிற்சி நடக்குது. நான் உள்ள போகல. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன், ஒரு மணி நேரம். ஜெசிந்தா இளைச்சிருக்கா. வாயில ஒரு கிராம்பை வெச்சுப் பல்லால கடிச்சுக்கிட்டு வீசறா. நாக்கு வெளிய வராம இருக்க. ஒரு வருஷமா அப்படியாம், காவலாளி சொன்னார். கிராம்புக் காரத்துல உதடெல்லாம் புண்ணாம். நாக்கு வரவே இல்லக்கா, அறுபது பந்து எண்ணினேன்.

ஆனா தோள் வருது.

மெதுவான பந்துக்கு முன்னாடி மட்டும் மூச்சை இழுத்துப் பிடிக்கிறா. அப்ப தோள் ஒரு விரல்கடை ஏறுது. வேகப் பந்துக்கு ஏறல. பதினாலு மெதுவான பந்து, பதினாலுக்கும் ஏறுச்சு. நாக்கைப் பூட்டினா தோள் வழியா வந்துடுச்சு பாருங்க. மனுஷ உடம்பு எவ்வளவு விசித்திரம்!

எந்தத் தோளா? இடது. வீசற கைக்கு எதிர்த் தோள். எதிர்ல நிக்கிறவளுக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சு பார்த்தா. நல்லாக் கேட்கறீங்கக்கா. இவ்வளவு கவனமா இதுவரைக்கும் யாரும் நான் சொல்றதைக் கேட்டதில்ல.

எழுதிட்டேன். இந்த போன்லயே. படிக்கிறேன், கேளுங்க. 'கிராம்பைக் கடித்தபடி நிற்கும் ஜெசிந்தா, மெதுவான பந்துக்கு முன் ஒரு மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அப்போது அவருடைய இடது தோள், உறங்கும் குழந்தையைச் சரித்துக்கொள்ளும் தாயைப் போல, மெல்ல ஏறி இறங்குகிறது.'

நாக்கு வரியைவிட நல்லா இருக்குல்ல? எனக்கே தெரியும். ரெண்டு ராத்திரியா இதை வெச்சுக்கிட்டுத் தூங்கல. அனுப்பலாமா வேண்டாமா, அனுப்பலாமா வேண்டாமா. இது ஒண்ணை எடுத்துட்டா மிச்சம் வெறும் அனல்தான். யார் எத்தனை ஆட்டம் ஜெயிச்சாங்க, சிறப்பு விருந்தினர் யாரு, அவ்வளவுதான். நாளைக்கு இன்னொருத்தர் சீட்டைத் துடைப்பாங்க.

என்னக்கா சொல்றீங்க?

'அந்தப் பொண்ணுக்கு அது கடைசி வருஷமாச்சேம்மா'வா? அதான், எனக்கும் அதான் தோணுது. நீங்க தாய், உங்களுக்குச் சட்டுன்னு புரியுது. இங்க பாருங்க. பாருங்க, கையை வெச்சு அழுத்தறேன். அழிச்சுட்டேன். போச்சு. இனி அது யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஆட்டத்துக்கு அப்புறம் போய் அவகிட்டச் சொல்லணும், 'தோள் ஏறுதுடி, பார்த்துக்கோ, நான் எழுதல'ன்னு. முன்னாடியேவா? முன்னாடி சொன்னா பயந்துடுவா. பின்னாடி சொன்னாத்தான் நான் எழுதாம விட்டது அவளுக்குப் புரியும். ஒரு வருஷத்துக்கு அப்புறம் பேசறோம், நல்லதா ஒண்ணைக் கையில வெச்சுக்கிட்டுப் பேசணும்ல.

அனுப்பிட்டேன். வெறும் அனல். இளங்கீரன் சாருக்கு வயிறு நிறையும். எனக்கு மனசு லேசாயிடுச்சுக்கா. நிஜமா. என்னால ஒரு விஷயத்தைச் சொல்லாம இருக்க முடியும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது.

பஸ் ஸ்டாண்ட் வந்துடுச்சே. அதுக்குள்ளயா. கேட்கவே இல்ல பாருங்க, பொண்ணு என்ன படிக்குது? நான்பாட்டுக்கு என் கதையையே... இருங்க, உறையை நான் எடுத்துத் தர்றேன், உங்களுக்கு எட்டாது. அட, கனமா இருக்கே. நான் குடைன்னு நினைச்சேன். அடியில உருண்டையா, மேல வர வரப் பருமனா...

இது மட்டையாக்கா?

அங்க, டீக்கடைப் பக்கத்துல, மெரூன் டிராக் சூட்ல ஒரு பொண்ணு கையாட்டறா. ரெட்டைச் சடை. அது உங்களைப் பார்த்தா ஆட்டறா?

சௌமியா. பேர் தெரியும்க்கா. கையெழுத்துப் போட்டப்ப கேட்டு எழுதினேன்.

சொல்லியிருக்கலாமேக்கா. ஏறினதுலயிருந்து... இல்ல, சரி. கேட்கலதான். நான் கேட்கலதான். நீங்க ஹாஸ்டல்னீங்க, நான் விட்டுட்டேன்.

ஒரு நிமிஷம், இறங்காதீங்க. பையை நான் பிடிச்சுக்கறேன். பின்னால வர்றவங்க காத்திருக்கட்டும். அந்தத் தோள் விஷயம்க்கா. நான் ரொம்பத் தூரத்துல நின்னேன். தண்ணித் தொட்டி, வெயில் நேரா முகத்துல. பதினாலுன்னு சொன்னேன்ல, எண்ணல, சும்மா சொன்னேன். இடதா வலதான்னுகூட எனக்கு... தோளே இல்லக்கா. காத்துல சட்டை அசைஞ்சிருக்கும். தப்பாப் பார்த்திருக்கேன். நான் எப்பவும் தப்பாத்தான் பார்ப்பேன். உங்க உறையையே குடைன்னு நினைச்சவ, என் பேச்சைப் போய்...

அக்கா, கேளுங்க. உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க. பஸ்ல ஒரு பைத்தியம் வந்துச்சு, வாய் ஓயாம உளறுச்சு, அதுக்குப் பார்க்கவே தெரியலைன்னு சொல்லுங்க.